செவ்வாய்க்கிழமைத் தடம்

வனத்துறைப் பலகையில்
முதலையின் வால் மட்டும் இன்னும் துருப்பிடிக்கவில்லை.
அணைக்கரைக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில்
நாணல் இரண்டாகப் பிரியும் இடம்.
ஏழு மாதமாக அங்கேதான் உட்கார்கிறேன்.
ரைஸ்மில்லில் எனக்குச் செவ்வாய் லீவு.

யாரும் சொல்லித் தரவில்லை,
பயமே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.
தண்ணீருக்கும் உனக்கும் நடுவே
ஒரு மாட்டுவண்டி நிற்க இடம் விடு.
குந்தாதே,
குந்தியவன் ஆற்றிலிருந்து பார்த்தால் ஆட்டுக்குட்டி.
பிடித்த கெண்டையைக் கயிற்றில் கோத்து
இடுப்பில் கட்டிக்கொள்ளாதே.
குடலும் செதிலும் வீட்டுக் குழாயடியில்தான்.
முள் சிக்கினால் நரம்பை அறு,
நாலு ரூபாய் முள்ளுக்கு ஆற்றில் இறங்குவார்களா.
பொழுது சாய்ந்ததும் எழுந்துவிடு,
விரால் கடித்துக்கொண்டே இருந்தாலும்.
(இதை இரண்டு முறை மீறியிருக்கிறேன்.)

இன்று காலை,
போன வாரம் என் செருப்பு அழுந்திக் காய்ந்த குழியின் மேல்
வயிறு இழுத்துப்போன வழவழப்பு.
இரண்டு பக்கமும் நகம்.
நடுவே வால் கிழித்த ஒற்றைக் கோடு,
அதில் இன்னும் ஈரம்.

குமிழி இல்லை. கொக்கு இல்லை.
எதிர்க்கரையில் யாரோ பைக் கழுவுகிற சத்தம்.
மாடுகள் தண்ணீருக்கு வரும் நேரம் அதற்குத் தெரியும் என்பார்கள்.
ஆறரை மணி பஸ்,
என் இருமல்,
மண்புழு டப்பாவின் மூடி திறக்கிற 'டக்',
அதுவும் தெரிந்திருக்கிறது.
எதையும் மாற்றாமல் வந்துகொண்டே இருந்தேனே,
அந்த ஒன்றைத்தான் நான் யோசிக்கவில்லை.

ஆற்றுக்கு முதுகு காட்டாமல்
பனைமரம் வரை பின்னாலேயே நடந்தேன்.
அங்கே நின்று மூச்சு வாங்கும்போது தோன்றியது:
என் செவ்வாய்க்கிழமையை மனப்பாடம் செய்த உயிர்
அது ஒன்றுதான்.
வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று,
இன்னொன்று ஆணியில் தொங்குகிறது.
நான் திரும்பாவிட்டால்
புதன்கிழமை வருகைப் பதிவில் ஒரு கட்டம் காலி.
மத்தியானம்வரை அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

போனை எடுத்தேன்.
எடைமேடை நசுருதீன்.
மூட்டைக் கணக்கைத் தவிர
அவரிடம் எதுவும் பேசியதில்லை.
'மீன் பிடிக்க வந்திருக்கேன். மதகுப் பக்கம் போறேன்.
பத்து மணிக்குள்ள போன் வரலேன்னா
கொஞ்சம் பாருங்க.'
எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமாயின.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
மதகுக் கட்டை மேல், தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்தில்
தூண்டிலை விரித்துக்கொண்டிருந்தபோது
பையில் போன் அதிர்ந்தது:

'எந்த மதகு?'