மிடறு

பதினோராம் நாள் இரவு.
மார்பு கல்லாய்க் கட்டியிருந்தது, காம்பில் வெடிப்பு.
உனக்குப் பாலில்லை என்று
யாரும் சொல்லவில்லை.
நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கன்வாடிச் சுவரில்
கரிக்கட்டையால் எழுதியிருந்த எண்ணை
ஆறாம் மாதத்திலேயே போனில் ஏற்றி வைத்திருந்தேன்,
'பால் முனிரத்னா' என்று.
என் வீட்டுக்காரர் பால்காரி என்று நினைத்து
ஒருமுறை அரை லிட்டர் கேட்டுவிட்டார்.

அழைத்தேன். மணி இரண்டே கால்.
யாரு, எந்தத் தெரு என்றெல்லாம் கேட்கவில்லை அவள்.
"போனைப் புள்ள கழுத்துகிட்ட வை.
நீ பேசாத."

கெலமங்கலத்தில்
பால் என்போம், பாலு என்பார்கள், ஹாலு என்பார்கள்.
முனிரத்னா மூன்றையும் கலந்துதான் திட்டுவாள்.
அன்றைக்கு ஒரு மொழியும் இல்லை.
அந்தப் பக்கம் அவள் மூச்சு,
இந்தப் பக்கம் இவன் மூச்சு,
நடுவில் தக்காளி லாரி ஒன்று
ராயக்கோட்டைப் பக்கம் மேடேறிப் போனது.

"சப்புறான். முழுங்கல.
சுண்டுவிரலை ஓரமா விட்டு வாயை எடு, இழுக்காத.
அவன் வயிறு உன் வயித்தோட ஒட்டட்டும்.
கொட்டாவி மாதிரி தொறப்பான் பாரு,
அதுவரைக்கும் காத்திரு."

எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
நாலாவது முறை
எனக்குக் கேட்கும் முன்பே
அவளுக்குக் கேட்டுவிட்டது.

க்.

அரை மாத்திரை.
பிறகு இன்னொன்று.
எத்தனை என்று அவள் எண்ணினாள், நான் அழுதேன்.
"அழுதா போன்ல சரியா கேக்கல" என்றாள்.

மூன்றாம் மாதம் ரோஜாத் தோட்டத்துக்குத் திரும்பினேன்.
விடியலில் வெட்டு. வெட்டு முடிந்தால் குளிர் அறை.
இருபது இருபதாய்க் கட்டி அட்டை சுற்ற வேண்டும்.
பெங்களூர் போய்ச் சேரும்வரை
ஒரு மொட்டும் விரியக் கூடாது,
அதற்குத்தான் அந்தக் குளிர்.
அந்தக் குளிரில்தான்
பதினொன்றரைக்கு, வீட்டில் அவன் அழும் நேரத்துக்கு,
என் சட்டை நனையும்.
தண்ணியா என்றார் சூப்பர்வைசர்.
ஆமாம் என்றேன்.

வியாழன்தோறும் ரேஷன் கடையின் பின்னறையில் கூடுவோம்,
அரிசிச் சாக்குகளில் சாய்ந்துகொண்டு.
டம்ளரில் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகவும்
அதைப் பாலாடையில் சிந்தாமல் புகட்டவும்
அங்கேதான் கற்றோம், நானும் அவரும்.
ஏப்பம் விட வைப்பதில்
லோடு ஆட்டோ பசவராஜை மிஞ்ச ஆளில்லை.
மூட்டை பழகிய தோள்.

ஷகீராவுக்கு மட்டும் கடைசிவரை போதவில்லை.
பூண்டு தின்றாள், கருவாடு தின்றாள்,
இரவெல்லாம் விழித்துக் கொடுத்துப் பார்த்தாள்.
ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு
மாவுப்பால் எழுதிக் கொடுத்தார்கள்.
அந்த வியாழன் துப்பட்டாவில் டின்னைச் சுற்றி
திருட்டுப் பொருள் போல எடுத்து வந்தாள்.
முனிரத்னா அதை வாங்கி
கரண்டியைத் தலைதட்டி அளந்து
காய்ச்சிய நீரில் கலக்கிக் கொடுத்தாள்.
"நெஞ்சோட சேத்துப் புடிச்சுக் குடு.
அதுக்கு டின்னு தேவையில்ல."
ஷகீராவின் மகள் குடித்தபோது
பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டோம்.

இப்போது சுவரில் என் எண்ணும் இருக்கிறது.
இன்றைக்கு, ஒன்றே முக்காலுக்கு, ஒருத்தி.
தளியா, அஞ்செட்டியா தெரியவில்லை.
கன்னடத்தில் அழுகிறாள்.
கன்னடத்தில் எனக்குப் பூ எண்ணத் தெரியும்,
கூலி கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.
"மகு… கத்து… போன்" என்றேன்.
கத்து என்றால் அவர்களுக்குக் கழுத்து.
என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டு
எதற்குக் கத்தச் சொல்கிறாய் என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி.
கண்ணாடி வளையல்கள் இரண்டு, மூன்று.
யாரோ ஓர் ஆண்
இருமலை அடக்கிக்கொள்கிறார்.
சப்புகிறது. முழுங்கவில்லை இன்னும்.

நான் பேசவில்லை.