உச்சி

பணகுடிக்குத் தெற்கே அறுபத்து நாலாம் நம்பர் காற்றாலை.
குழாய்க்குள் ஏணி. மூன்று இடத்தில் மூச்சு வாங்கலாம்.
மேலே போய் ஹெல்மெட்டைக் கழற்றினேன்
(கழற்றக் கூடாது, கழற்றினேன்).
உள்ளே பதினொரு முடி.

எண்ணுகிற பழக்கம் இந்த வேலையில் வந்தது.
காற்றின் வேகம், எண்ணெயின் சூடு, போல்ட்டின் இறுக்கம்,
எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் கட்டம் உண்டு.
இதற்கு இல்லை.

'ஹெல்மெட்டு சூடுலே. வேரு வெந்துரும்' என்றான் மைதீன் பிச்சை.
மெஸ்ஸில் போர்த்தண்ணியின் உப்பைச் சொன்னார்கள்.
வள்ளியூர் பஸ்ஸில், தன் தலையில் ஒன்றுமில்லாத ஒருவர்
சின்ன வெங்காயச் சாறு என்றார்.
தேய்த்தேன், மூன்று வாரம்.
கண்ட்ரோல் ரூமில் எல்லாருக்கும் பசித்தது.

இடப்பக்கம் வளர்த்ததை வலப்பக்கம் இழுத்து
எண்ணெய் வைத்து ஒட்டியிருப்பவன்
ஆடி மாதம் இந்தக் கணவாய்க் காற்றில்
ரோட்டைக் கடந்து பாருங்கள்.
வடலிவிளையில் பெண் வீட்டு வாசலில்
பைக்கை விட்டு இறங்கினேன்.
மொத்தமும் எழுந்து நின்றது,
டப்பா மூடியைப் போல.
அவர்கள் சிரிக்கவில்லை.
உள்ளே வாங்க, காத்து ஜாஸ்தி என்றார்கள்.
அதுதான்.

பாளையங்கோட்டையில் டாக்டர் எப்சிபா
சின்ன கேமராவை என் உச்சியில் வைத்தார்.
திரையில் தெரிந்தது எனக்குப் பழக்கமான நிலம்:
கோபுரத்தின் மேலிருந்து நான் தினம் பார்க்கிற
செம்மண், அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பனை.
காதோரத்தில் வைத்தார். தோப்பு.

'ஹெல்மெட் இல்லை. தண்ணி இல்லை.
உங்க உடம்புல ஊறுற ஹார்மோன்தான்.
முன்னும் உச்சியும் உள்ள வேர் அதுக்குப் பணியும்,
பின்னாடி உள்ளது பணியாது.
வேர் இன்னும் சாகல. ஒவ்வொரு தடவையும்
மெலிஞ்சு மெலிஞ்சு முளைக்குது.'
'அப்பாவுக்கு முடி இருக்கே மேடம்?'
'அம்மா வழியிலயும் வரும், அப்பா வழியிலயும் வரும்.
யாரையும் குத்தம் சொல்லாதீங்க.'

காலையில் ஒரு மில்லி, இரவில் ஒரு மில்லி.
முதல் இரண்டு மாதம் கூடுதலாய் உதிரும், பயப்பட வேண்டாம்.
ஆறு மாதம் கழித்துத்தான் பேச்சு.
நிறுத்தினால் வந்ததும் போய்விடும்.
மாத்திரையும் ஒன்று உண்டு என்று சொல்லி,
நூறில் ஒன்றிரண்டு ஆண்களுக்குப் படுக்கையில் வரும் சிக்கலை
குரலைத் தாழ்த்தாமல் விளக்கினார்.
தாழ்த்தியது நான்தான்:
'யோசிச்சுச் சொல்லுதேன்.'

இது மராமத்து இல்லை, பராமரிப்பு
என்று பஸ்ஸில் வரும்போது புரிந்தது.
நாங்களும் அதைத்தானே செய்கிறோம்,
கிரீஸ் வைக்காத வருடம் துரு தானாக வருகிறது.

இரண்டாம் மாதம் ஹெல்மெட்டில் முப்பத்து நாலு.
ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
போனில் அவர், 'பழசு இடம் விடுது' என்றார்.
நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.
பாட்டிலுக்குக் காசு கொடுத்திருந்தேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு போர்டு,
பின்னால் உள்ளதை எடுத்து முன்னால் நடுவார்களாம்.
விலை கேட்டேன். என் பைக் இரண்டு.
டீ குடித்துவிட்டு வந்தேன்.

எட்டாம் மாதம்.
நெற்றி ஓரம் திரும்பவில்லை, திரும்பாது.
உச்சியில் மட்டும் விரலுக்குத் தெரிகிற,
கண்ணாடிக்குத் தெரியாத ஏதோ ஒன்று.
சலூனில் செல்லத்துரையிடம்
அந்த நீள முடியை வெட்டச் சொன்னேன்.
'நெசமாத்தானா?' என்று இரண்டு தடவை கேட்டான்.
தரையில் விழுந்ததை
நான் எண்ணவில்லை.

இன்று காலை மருந்து வைத்த கையோடு போன்:
அறுபத்து நாலு நின்றுவிட்டது, உடனே வா.
ஈரத் தலையில் ஹெல்மெட் போடக் கூடாது.
வாசலில் வந்து நின்றேன்.
இந்த ஊரில் அதற்கு
ரெண்டு நிமிசம் போதும்.