குறிப்புக் கட்டம்

டெல்லிப் பணம் வந்து விழுந்தது
மார்ச் இருபத்தாறு, சாயங்காலம் ஐந்தே முக்கால்.
முப்பத்தொண்ணுக்குள் கணக்குக் காட்டோணும்.

நொய்யல் கரையில் எண்ணியது
நானூற்றுப் பதினெட்டுக் குடிசை.
பணத்துக்கு வந்த வீடு முந்நூற்றுப் பத்து.
லிஃப்டை எடுத்தோம், முந்நூற்று நாற்பது.
மாடிப்படிக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டாம்
குழாய் போதும் என்றோம், இன்னும் நாலு.
இன்ஜினியர் டீ சொன்னார்.

மிச்சம் எழுபத்தி நாலும் அடுத்த நிதியாண்டு.
நொய்யலுக்கு நிதியாண்டு தெரியாது,
ஐப்பசியில் வந்துவிடும்.

பனியன் கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டு
ஜன்னலோரம் நின்றாள் துளசிமணி.
"ஏனுங்க, எம்பட பேரு வந்திருக்குதுங்களா?"
வந்திருந்தது.
ஐந்தாவது மாடி. பயனாளி பங்கு ஒன்றரை லட்சம்.
தொகைக்கு அவள் மலைக்கவில்லை,
சீட்டு எடுத்துக் கட்டிவிடுவாளாம்.
"ஓவர்லாக் மிஷினை எப்படிங்க மேல ஏத்தறது?
ராத்திரிக்கு அதுலதானுங்க பொழப்பு."

எந்தத் தலைப்பில் வரும் இந்தக் கேள்வி?
எடை எவ்வளவு என்றேன், வேறொன்றும் தோன்றாமல்.
மேசையோடு அறுபத்தெட்டு கிலோ.

ராத்திரி பதினொன்றுக்குக் கூட்டல் ஒத்து வந்தது.
அனுப்பும் முன்
அவள் வரிசையின் குறிப்புக் கட்டத்தில்
68 என்று மட்டும் அடித்தேன்.
ஆடிட்டில் யாராவது கேட்கட்டும்.