இரண்டு விரல் குறைவு

கொதிகலன் வாசலில் அக்மாரல்.
கண்ணாடித் தம்ளரைப்
பித்தளைக் கூட்டில் இறக்கி
இரண்டு விரல் குறைத்தே ஊற்றுவாள்.

“காசு முழுசு, டீ மட்டும் குறைச்சலா?”
பதினான்காம் படுக்கை முணுமுணுக்கிறது.
பதில் இல்லை.
தம்ளரை நீட்டாமல்
நடைவழிச் சுவரில் தோளைச் சாய்த்து நிற்கிறாள்.
எதையோ எண்ணுகிறாள்.

இர்திஷ் பாலம்.
தண்டவாளம் மாறும் இடத்தில்
பெட்டி தூக்கிப் போடுகிறது.
தேநீர் விளிம்புவரை ஏறி,
எட்டிப் பார்த்து,
இறங்கிக்கொள்கிறது.
கீழே, நடைவழியில் நீண்டிருக்கும்
குழந்தையின் வெறுங்கால்
தூக்கத்தில் ஒருமுறை அசைகிறது. அவ்வளவுதான்.

சட்டைக் கை விலகியபோது பார்த்தேன்:
மணிக்கட்டில்
வேறேதோ குலுங்கலின்
பளபளத்த தோல்.

“இப்ப பிடிங்க. கைப்பிடியில.
ஊதி ஊதிக் குடிங்க.
எகிபாஸ்தூஸ் வரைக்கும் வளைவே கிடையாது.”

பதினான்காம் படுக்கை
ஊதுகிறது.