மோல்டாவுக்கு அளவெடுத்த நாள்

சேணக்காரர் தோர்கில்ஸ் ஒன்றரை மணிநேரம்
என் குதிரையின் முதுகை அளந்தார்.
வளைகம்பியை அழுத்தி மேட்டையும் பள்ளத்தையும்
தாளில் வரைந்தார்.
தோள் தடையில்லாமல் அசைகிறதா என்று
உள்ளங்கையை வைத்தே நூறடி கூட நடந்தார்.
வயிற்று வாருக்கடியில் இரண்டு விரல் நுழைத்து
"மூச்சு விடட்டும்" என்றார்.
பழைய சேணம் உரசிய இடத்தில்
வெள்ளை முடி முளைத்திருந்தது.
என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!
மூன்று லட்சம் குரோனா. யோசிக்காமல் கொடுத்தேன்.

அன்றிரவு குளிக்கும்போது
என் விலாவிலும் ஒரு கோடு இருப்பதைப் பார்த்தேன்.
பழைய கோடு.

இருபத்தாறு வருஷமாகக் குதிரையேறுகிறேன்.
முதலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிரா.
பிறகு அதற்கும் மேலே
தம்பிக்குச் சிறுத்துப்போன பனியன்.
ஒரு செப்டம்பரில், மலையிலிருந்து ஆடுகளை இறக்கும்போது,
சுளுக்குக்குச் சுற்றும் துணியை
மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.
மூன்றாம் நாள் ஆடுகளை அதட்டக்கூடக்
குரல் எழும்பவில்லை.

டோல்ட் நடையில் போனால் ஒரு தொந்தரவும் இல்லை.
நிரம்பிய கோப்பையைப் பிடித்துக்கொண்டு போகலாம், துளி சிந்தாது;
வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் அடிக்கும் பெருமை அது.
மோல்டாவுக்கு அந்தப் பெருமையில் அக்கறை கிடையாது.
கல்லாற்றைக் கண்டதும் துள்ளுநடைக்கு மாறிவிடுவாள்.
நான் ஒரு கையில் கடிவாளம்,
மறு கை மார்புக்குக் குறுக்கே.
குளிருக்குக் கட்டிக்கொள்கிறாள் என்று
ஆண்கள் நினைத்திருக்க வேண்டும்.
ஹால்பெரா மட்டும் பக்கத்தில் வந்து
தன் கையையும் அப்படியே குறுக்கே வைத்தாள்.
சிரித்தோம். சிரித்தால் இன்னும் வலித்தது.

அக்குரேரியில் மழை.
கடைப்பெண்ணின் சட்டையில் ஸ்னைடிஸ் என்று எழுதியிருந்தது.
"ஓடுவதற்கா?"
இல்லை.
"யோகா?"
குதிரை.
ஒன்றும் சொல்லாமல் அளவுநாடாவை எடுத்தாள்.
பதினெட்டு வயதில் அம்மா வாங்கித் தந்த எண்ணை
பிறந்த தேதி போல ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.
அது தப்பாம்.
இரண்டு பிள்ளைகள் பால் குடித்து வளர்ந்து
பெரியவன் இப்போது டிராக்டர் ஓட்டுகிறான்,
எண் மட்டும் மாறவில்லை.

முதலாவது, தலை வழியாகப் போடுவது.
பாதியில் மாட்டிக்கொண்டது.
இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள்,
சரணடைந்தவளைப் போல நின்று
ஸ்னைடிஸைக் கூப்பிட்டேன்.
இரண்டாவதைப் போட்டதும் குதிக்கச் சொன்னாள்.
குதிரைமேல் யாரம்மா இப்படிக் குதிக்கிறார்கள்?
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்தேன்.
எழுந்தேன், அமர்ந்தேன், எழுந்தேன், அமர்ந்தேன்.
நாற்காலி கிறீச்சிட்டது.
திரைக்கு வெளியே யாரோ செருமினார்கள்.
மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாலாவதில் முன்புறம் கொக்கிகள்,
தோளில் அகலமான வார்,
நசுக்கி ஒன்றாக்காமல்
இரண்டையும் தனித்தனியே ஏந்தியது.
ஸ்னைடிஸ் முதுகுப்பட்டைக்கடியில்
இரண்டு விரலை நுழைத்தாள்.
"மூச்சு விடுங்கள்."
விட்டேன்.

பதினாலாயிரம் குரோனா.
யோசித்தேன்.
அட்டையை நீட்டினேன், திரும்ப உள்ளே வைத்தேன்,
மழை விடட்டும் என்பதுபோல வாசலைப் பார்த்தேன்.
பிறகு அந்த வெள்ளை முடி நினைவுக்கு வந்தது.

இந்தச் செப்டம்பரில் கல்லாறு கொஞ்சம் பெருகியிருந்தது.
மோல்டா வழக்கம்போல மாறினாள்.
என் இரண்டு கையும் கடிவாளத்தில் இருப்பது
அவளுக்கே புதிது போல, ஒரு காதைப் பின்னால் திருப்பினாள்.
இடது வார் லேசாக உரசத்தான் செய்தது.
அக்கரையிலிருந்து ஹால்பெரா பார்த்துவிட்டாள்.
"எங்கே வாங்கினாய்?" என்று கத்தினாள்.
எனக்கு முழு மூச்சு இருந்தது.
கடையின் பெயர், தெரு, விலை, அளவு,
எல்லாவற்றையும்
பதினோரு ஆண்களுக்கும் நானூறு ஆடுகளுக்கும் கேட்கத்
திருப்பிக் கத்தினேன்.