ஆறடி இரண்டங்குலம்

சின்னாறு செக்போஸ்டில் எழுதிக் கொடுத்தோம்.
வண்டி: டெம்போ டிராவலர். ஆட்கள்: இரண்டு.
போகிற காரியம் என்ற கட்டத்தில்
ஜெயசிங் 'சும்மா' என்று எழுதினார்.

எந்த வளைவில் என்று தெரியவில்லை,
தண்ணீர்த் தொட்டி கசிந்திருக்கிறது.
தொண்ணூறு லிட்டரில் மிச்சம் பதினொன்று.
சிங்க், ஷவர், மடக்குக் கட்டில் எல்லாம்
உடுமலையில் ஹக்கீம் பாய் பட்டறையில்
மூன்று மாதம் கூடவே நின்று செய்தது.

கோவில்கடவு தாண்டிப் பாறை மேட்டுக்குக் கீழே
முள்ளும் கள்ளியும் விட்ட இடத்தில் நிறுத்தினோம்.
மேற்கு மலையில் மழை பெய்வது
இங்கிருந்தே தெரிகிறது, சாம்பல் நூலாக.
இந்தப் பக்கம் ஒரு சொட்டு தாண்டவில்லை.
ஒரே வானம்தான், ரேஷன் கார்டு வேறு.

முனியறைகளைப் பார்க்கத்தான் வந்தது.
மூன்று பக்கம் கல், மேலே மூடிய ஒரு கல்.
முனிவர் இருந்தார் என்கிறது பெயர்.
பிணம் இருந்தது என்கிறது அறிவிப்புப் பலகை;
நாலு வரியில் மூவாயிரம் வருஷத்தை முடித்துவிட்டு
'கல்லின் மேல் ஏறாதீர்' என்கிறது.
கல்லின் மேல் ஒரு ஆடு.

ஜெயசிங் பையிலிருந்து டேப்பை எடுத்து
முட்டி போட்டு உள்ளே போனார்.
"ஆறடி ரெண்டு" என்றது குரல்.
அந்த ரெண்டங்குலத்துக்காகத்தான்
பட்டறையில் பாயோடு அத்தனை சண்டை,
தன் காலை நீட்ட வேண்டும் என்று.
நெடுநேரம் அவர் வெளியே வரவில்லை.
நானும் கூப்பிடவில்லை.

தட்டை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
பைக்கில் வந்தார் வாட்சர் சந்திரபோஸ்.
"லைட்டைக் கெடுத்தண்டா கேட்டோ, ஆன வரும்."
தன் கேனைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு
உள்ளே எட்டிப் பார்த்து விலை கேட்டார்.
சொன்னோம்.
"அந்தக் காசுக்கு ஒரு வீடே வாங்கியிருக்கலாமே சாரே."
"வீட்டை வித்துத்தான் வாங்கினோம்."
அவர் சிரிக்கவில்லை. கேனை மூடினார்,
திரும்பத் திறந்து மூடினார்.

ஆனை வரவில்லை.
விடிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில்,
கசியும் குழாய்க்கு நேர் கீழே,
ஓடெல்லாம் நட்சத்திரம் கீறிய ஆமை ஒன்று
கழுத்தை நீட்டி
ஒவ்வொரு சொட்டாக வாங்கிக்கொண்டிருந்தது.
ஜெயசிங் வாயைத் திறந்தார்.
"சொல்லாதீங்க" என்றேன்.
சொல்லவில்லை.

குழாயைச் சுற்றக் கிழித்து வைத்திருந்த
சைக்கிள் ட்யூப் அவர் கையிலேயே இருந்தது.
ஆமை குடித்து முடித்து, யோசித்து,
பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு
முள்ளுக்குள் போய்ச் சேர
மணி ஒன்பதரை.
பிறகுதான் சாவியைத் திருப்பினார்.