நான்காவது சானல்

மேஜர் அருமைநாதன் முதன்முதலாகப் பேசியது
செந்தூல் கோயில் மண்டபத்தில்.
பதினோரு பேர். அதில் இருவர்
அன்னதானத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டவர்கள்.
"சகோதர சகோதரிகளே" என்றார்,
மூன்று பிளட்டூன்களை
வெயிலில் நிறுத்தி வைத்திருப்பதுபோல.
என் ஸ்பீக்கர் இருமியது.
ஒலியைப் பாதிக்குக் கீழே இறக்கினேன்.
பறந்துபோன புறாக்கள்
சாயரட்சை வரை திரும்பவில்லை.

அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.

இப்போது அவருக்கு விலை உண்டு:
எண்ணூறு ரிங்கிட், பெட்ரோல் தனி,
பழக்கூடை வேண்டாம், சர்க்கரை.
காப்புறுதி முகவர்கள், தலைமையாசிரியர்கள்,
ஒருமுறை பங்சாரில் பல்மருத்துவர்கள்.
சட்டைக்கு இன்னும் தானேதான் இஸ்திரி போடுகிறார்;
மடிப்பில் விரல் வைத்தால் அறுக்கும்.
குரல் மட்டும் இளகிவிட்டது.
மைக்கிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி நிற்பது,
சிரிப்பு வரும் இடத்தில் தண்ணீர் குடிப்பது,
கைதட்டலின் மேல் பேசாதிருப்பது.
கட்டளையிட்டே பழகிய வாய்
கெஞ்சக் கற்றுக்கொண்டதை
டெசிபெல் கணக்கில் பார்த்தவன் நான்.

எந்தப் பேச்சிலும் அந்த ஆறு வரும்.
கிரிக் காடு, நவம்பர் மழை,
இடுப்பில் கயிறு கட்டிய ஒன்பது பேர்.
"முன்னால் போகிறவன் நம்புவது கயிற்றை அல்ல,
பின்னால் அதைப் பிடித்திருப்பவனை."
இங்கே நாலு விநாடி நிறுத்துவார்.
நான் சானலை லேசாகத் தாழ்த்துவேன்,
ஏர்கான் இரைச்சல் மேலே ஏறிவிடாமல்.
பிறகு, "கரை சேர்ந்தோம்" என்பார்.
பல்மருத்துவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில்,
நாற்காலிகளை அடுக்குகிற நேரம்,
கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
கழுத்தில் கிடந்த ஹெட்போனுக்குள்
யாரோ முணுமுணுத்தார்கள்.
நான்காவது சானல். பச்சை விளக்கு.
சட்டை மைக்கைக் கழற்றாமலே
மேஜர் கழிவறைக்குப் போயிருக்கிறார்.

குழாய்த் தண்ணீர். அதன் பின்னால் பெயர்கள்.
"ரோஸ்லான்."
"அடா, துவான்."
"சிவலிங்கம்."
"அடா, துவான்."
"ஊஜோங் அனாக் மெலிங்."
"அடா, துவான்."
கூப்பிடுவதும் அவர், ஆஜர் சொல்வதும் அவர்.
ஆளுக்கொரு குரல் வைத்திருந்தார்:
ஒருவனுக்கு மூக்கடைப்பு,
ஒருவன் கெடாக்காரன் மாதிரி இழுத்தான்.
எட்டு ஆயிற்று.
"ஜைலானி."
குழாய் ஓடியது.
"ஜைலானி."
குழாயை மூடினார்.

கேட்கக் கூடாததுதான்.
ஒலியைக் குறைக்கப் போன விரல்
பொத்தான்மேலேயே இருந்தது.

ஈர முகத்தோடு வந்து மைக்கை நீட்டினார்.
"இன்னைக்கு 'ப' வெடிச்சுதா, தம்பி?"
"இல்லை மேஜர், சுத்தம்."
கீழே ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.
பார்க்கிங் கட்டணம் ஏறிவிட்டதைப் பற்றி
வெகுநேரம் பேசினார். காசும் அவரே கொடுத்தார்.

வண்டியோட்டும்போது யோசித்தேன்.
"நாங்கள்" என்று அவர் சொன்னதேயில்லை.
"எல்லோரும்" என்றும் சொன்னதில்லை.
"சேர்ந்தோம்." அவ்வளவுதான்.
தமிழில் அந்த 'ஓம்'
எத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்காது.
அப்படியானால் அது பொய்யில்லை.
அல்லது ஒன்பது வருஷமாக
அந்த விகுதியைப் பிடித்துக்கொண்டுதான்
நிற்கிறாரோ என்னவோ.

சனிக்கிழமை செராஸில், காப்புறுதிக் கூட்டம்.
காடு வந்தது, மழை வந்தது,
கயிறு வந்தது. நிறுத்தினார்.
நான் சானலைத் தாழ்த்தவில்லை.
ஸ்பீக்கர்களில் ஓவென்று ஏறியது,
யாருடைய கரண்டியோ தட்டில் பட்டது,
மேஜர் ஒருமுறை என் மேசைப் பக்கம் பார்த்தார்.
நாலு, ஐந்து, ஆறு.

பக்கத்தில் நின்ற மேலாளர் குனிந்து,
"என்ன அண்ணே அது, தண்ணி ஓடுற மாதிரி?"

ஏர்கான் என்றேன்.